சொல்லிப் பார்த்தது

கண்டக்டர்: இந்தத் தடவை எனக்கு என்ன வேஷம்? போன தடவை மாதிரி கத்துற ஆள்னா முடியாது. மூணு நாள் தொண்டை கட்டிக்கிச்சு.

டீச்சர்: இல்ல சார், இந்தத் தடவை அமைதியான ஆள்தான். அந்தப் பொம்மையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வெச்சுட்டுக் கட்டில்ல உக்காருங்க.

கண்டக்டர்: பாவம், இதுக்கு என்ன வியாதி? போன வருசமும் இங்கயேதான் படுத்திருந்துச்சு.

டீச்சர்: அதுக்கு இல்லாத வியாதியே கிடையாது. நர்ஸிங் பிள்ளைங்க ஊசி குத்திக் குத்திக் கையே கிழிஞ்சு போச்சு. புதுக் கை கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்.

கண்டக்டர்: எனக்கும் ஒண்ணு சேத்து எழுதுங்க. பன்னெண்டு தடவை என் கையைக் குத்தியிருக்கீங்க.

டீச்சர்: பன்னெண்டும் ஒரே குத்து. நரம்பு தேடி ஒரு தடவையாவது ரெண்டாவது குத்து குத்தினேனா? நன்றி கெட்ட மனுசன் நீங்க.

கண்டக்டர்: அது வாஸ்தவம். வார்டுல உங்க செருப்புச் சத்தம் கேட்டா எல்லாரும் சட்டைக் கையை மடக்குவோம். வேற சிஸ்டர் வந்தா தூங்குற மாதிரி நடிப்போம். உங்க பிள்ளைங்களுக்கு இப்ப நோயாளியா நடிக்கிறேனே, என் நடிப்பெல்லாம் அங்க ஆரம்பிச்சதுதான்.

டீச்சர்: இதோட ஆறாவது பேட்ச். 'கண்டக்டர் மாமா எப்ப வருவாரு'ன்னு இப்பவே கேக்குறாங்க... அக்கா வரலையா?

கண்டக்டர்: கீழ மருந்து கவுண்டர்ல நிக்கிறா, அவளோட பிரஷர் மாத்திரைக்கு. கூட்டம். வர அரை மணி ஆகும்... சிஸ்டர்.

டீச்சர்: ம்?

கண்டக்டர்: திங்கக்கிழமை ஒரு ஸ்கேன் எடுத்தாங்களே. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கிறது. அது...

டீச்சர்: அதெல்லாம் டாக்டர் பாப்பாரு. சனிக்கிழமை உங்களுக்கு நேரம் குடுத்திருக்காரு.

கண்டக்டர்: இன்னிக்கு வியாழக்கிழமைதான்.

டீச்சர்: ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா? வாங்க, நாளைக்குக் காலையில முப்பது பிள்ளைங்க முன்னாடி தடுமாறக் கூடாது. சூழ்நிலையைச் சொல்றேன், கேளுங்க.

கண்டக்டர்: சொல்லுங்க.

டீச்சர்: உங்களுக்கு அறுபது வயசு. புற்றுநோய். வைத்தியம் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப... இப்ப அது திரும்ப வந்திருச்சு. வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு நர்ஸோட கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்காங்க. நீங்க நர்ஸ்கிட்ட நேரா கேக்குறீங்க.

கண்டக்டர்: ...நல்லா ஜோடிச்சிருக்கீங்க.

டீச்சர்: நான் ஜோடிக்கல. மூணு மாசத்துக்கு முன்னாடி போட்ட பாடத்திட்டம் இது. வேணும்னா மாத்திடறேன். போன வருசத்துக் கதையையே...

கண்டக்டர்: எதுக்கு மாத்தணும்? வயசு பொருந்துது, வியாதி பொருந்துது. ஒப்பனையே வேணாம். நீங்கதான் நர்ஸ் பொண்ணு, வாங்க. சிஸ்டர், இங்க கொஞ்சம் வாங்க. உங்களை ஒண்ணு கேக்கணும்.

டீச்சர்: சொல்லுங்கய்யா.

கண்டக்டர்: எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டேங்கிறாங்க. எனக்குத் திரும்ப வந்திருச்சா?

டீச்சர்: உக்காந்துக்கிறேன்... அய்யா, உங்களுக்கு எதனால அப்படித் தோணுது?

கண்டக்டர்: நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே.

டீச்சர்: இல்லதான். நீங்க எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறீங்கன்னு...

கண்டக்டர்: முழுசா.

டீச்சர்: முழுசா... அது வந்து... டாக்டர் வந்து உங்ககிட்ட...

கண்டக்டர்: நிறுத்துங்க, நிறுத்துங்க! போன வருசம் ஒரு பொண்ணு இதையேதான் சொல்லிச்சு. 'டாக்டர் தலையில தள்ளிட்டு ஓடுறியா?'ன்னு கேட்டீங்க. அந்தப் பொண்ணு அழுதே போச்சு.

டீச்சர்: கேட்டேன்.

கண்டக்டர்: இப்ப நீங்களே ஃபெயில். ஊருக்குத்தான் உபதேசமா?

டீச்சர்: தலை வலிக்குது சார். காலையில இருந்து நாலு வகுப்பு. தண்ணி குடிச்சுட்டு வந்து திரும்ப ஆரம்பிக்கலாம்.

கண்டக்டர்: குடிங்க, குடிங்க. சட்டையில ஊத்திக்காதீங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணு கேக்குறேன். போன தடவை சுருட்டை முடிப் பொண்ணு ஒண்ணு என்கிட்ட ரகசியமா கேட்டுச்சு. 'எங்க டீச்சர் ஏன் மாமா கேன்சர் வார்டு வேலைக்கு வந்தாங்க? பிரசவ வார்டுக்குப் போயிருந்தா சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கலாமே'ன்னு. இப்ப நீங்களே சொல்லுங்க.

டீச்சர்: நான் கேட்டு வரல. ஆர்டர்ல பேர் போட்டு அனுப்பிட்டாங்க. முதல் நாள் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். மாத்தல் கேட்டு ஒரு லெட்டர் எழுதி, நாலு மாசம் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

கண்டக்டர்: அட! நீங்களா?

டீச்சர்: நானேதான். அப்ப ஒரு ஸ்கூல் வாத்தியாரம்மா படுத்திருந்தாங்க. வாயெல்லாம் புண்ணு, ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு 'அப்பாடா'ன்னாங்க.

கண்டக்டர்: ம்.

டீச்சர்: எங்கம்மாகூட என்கிட்ட அப்படி ஒரு 'அப்பாடா' சொன்னதில்ல சார். இங்க நோய் போகுதோ இல்லையோ, ஒரு மனுசனுக்கு அன்னிக்குப் பொழுது கொஞ்சம் லேசா போக வைக்கலாம். அது என்னால முடிஞ்சுது. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. இருபத்திரண்டு வருசம் ஓடிருச்சு.

கண்டக்டர்: அந்த லெட்டர்?

டீச்சர்: சட்டையோட சலவைக்குப் போயி கூழாயிருச்சு.

கண்டக்டர்: நல்லவேளை. லெட்டர் சலவைக்குப் போகாம இருந்திருந்தா என் நரம்பை யார் கண்டுபிடிச்சிருப்பா? அப்புறம் ஏன் வார்டை விட்டுட்டு டீச்சர் ஆனீங்க?

டீச்சர்: அதுக்கும் அந்த அம்மாதான் காரணம். ஒரு நாள் கேட்டாங்க, 'நான் வீட்டுக்குப் போவேனா?'ன்னு. மகன் வெளிய நின்னுக்கிட்டு, சொல்லக் கூடாதுன்னு தலையாட்டுறான். நான், 'போவீங்கம்மா, ஜம்முன்னு போவீங்க'ன்னுட்டேன்.

கண்டக்டர்: போனாங்களா?

டீச்சர்: நாலாவது நாள் முடிஞ்சுது. தங்கச்சியோட பத்து வருசமா பேச்சு வார்த்தை இல்லையாம். 'வீட்டுக்குப் போய் நிதானமா போன் பண்றேன்'னு தள்ளிப் போட்டுட்டாங்க. தங்கச்சி ஓடி வந்தப்ப நான்தான் துணியை விலக்கி முகத்தைக் காட்டினேன். அந்தப் பொய்யை நான் சொல்லாம இருந்திருந்தா ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணியிருப்பாங்க. அன்னிக்கு எனக்குள்ள ஒண்ணு விழுந்துச்சு. ஊசி போட யார் வேணா கத்துக் குடுப்பாங்க, இதை யாராவது கத்துக் குடுக்கணும்னு. டீச்சர் வேலை கிடைக்கத்தான் வருசக்கணக்காச்சு.

கண்டக்டர்: அதுக்கப்புறம் யாருக்கும் பொய் சொல்லல?

டீச்சர்: சொல்லல.

கண்டக்டர்: யாருக்குமே?

டீச்சர்: ...தண்ணி போதும். ஆரம்பிக்கலாமா?

கண்டக்டர்: சிஸ்டர்... விடுங்க. எனக்குத் தெரியும்.

டீச்சர்: என்ன தெரியும்?

கண்டக்டர்: லிவர்ல மூணு இடம். பெருசு நாலு சென்டிமீட்டர்.

டீச்சர்: யாரு... யார் சொன்னா?

கண்டக்டர்: ஸ்கேன் எடுக்கிறாரே, ஒல்லியா, ஒருத்தர். வழக்கமா 'ரைட், போலாம்'னு விசில் அடிச்சு என்னை எறக்கி விடுவாரு. எப்பவும் அப்படித்தான் கிண்டல். திங்கக்கிழமை விசில் இல்ல. என் முழங்கையைப் பிடிச்சு, 'பாத்து எறங்குங்கய்யா'ன்னாரு. முப்பத்தஞ்சு வருசம் ஆளுங்க மூஞ்சியைப் பாத்தே பொழைச்சவன் நான். யார் எங்க எறங்குவாங்க, யார் டிக்கெட் இல்லாம நிக்கிறாங்கன்னு... எனக்குத் தெரியாதா?

டீச்சர்: ஆனா அந்தக் கணக்கு...

கண்டக்டர்: செவ்வாய்க்கிழமை தனியா வந்து ரிப்போர்ட் கவுண்டர்ல ஒரு காப்பி கேட்டேன். குடுத்துட்டாங்க. இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா போன தடவையே கேட்டிருப்பேன்.

டீச்சர்: சார், நான்... என்னை மன்னிச்சிருங்க. கேட்ட உடனே சொல்லியிருக்கணும்.

கண்டக்டர்: அட, நீங்க ஏன் கண் கலங்குறீங்க? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன... அதை விடுங்க. எனக்கு இப்ப வேற பிரச்சினை.

டீச்சர்: என்ன?

கண்டக்டர்: எங்க வீட்டம்மா. அவளுக்குத் தெரியாது.

டீச்சர்: அக்காவுக்கு...

கண்டக்டர்: நேத்து முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தா சிஸ்டர். என் சட்டையையெல்லாம் எடுத்து அயர்ன் பண்ணி வெச்சா. பழைய பாட்டு வேற முணுமுணுத்தா. எப்படிச் சொல்லுவேன்? எங்களுக்குப் பிள்ளையா குட்டியா? எனக்கு அவ, அவளுக்கு நான்.

டீச்சர்: சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அக்காகிட்ட நீங்க நேரா...

கண்டக்டர்: அதைத்தான் கேக்குறேன்! முப்பது பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களே, எனக்குச் சொல்லித் தாங்க. இன்னிக்கு அதுக்குத்தான் வந்தேன். நீங்கதான் என் பொண்டாட்டி. தப்பா எடுத்துக்காதீங்க, பத்து நிமிசத்துக்கு.

டீச்சர்: பத்து நிமிசம் உங்ககூடக் குப்பை கொட்டணுமா? சரி, ஆரம்பிங்க.

கண்டக்டர்: இங்க பாரு... மழை வர்ற மாதிரி இருக்குல்ல?

டீச்சர்: என்ன சார் இது?

கண்டக்டர்: ஒரு தொடக்கம் வேணாமா?

டீச்சர்: வேணாம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதீங்க. முதல்ல உக்கார வைங்க. டி.வி.யை நிறுத்துங்க. 'ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும்'னு சொல்லிட்டு, விஷயத்தைச் சொல்லுங்க. நோயோட பேரைச் சொல்லுங்க, 'அது' 'இது'ன்னு சொல்லக் கூடாது. சொன்ன உடனே வாயை மூடிக்கணும். ஆறுதல் சொல்லக் கூடாது, ஜோக் அடிக்கக் கூடாது.

கண்டக்டர்: ஜோக்கும் கூடாதா?

டீச்சர்: கூடவே கூடாது. முக்கியமா உங்களுக்கு.

கண்டக்டர்: சரி... இப்படி வந்து உக்காரு. உன்கிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். எனக்கு... கேன்சர் திரும்ப வந்திருச்சு. லிவர்ல வந்திருக்கு.

டீச்சர்: ...

கண்டக்டர்: ...அவ இப்படிச் சும்மா உக்காந்திருக்க மாட்டா சிஸ்டர். ஏதாவது சொல்லுங்க.

டீச்சர்: அய்யோ, என்னங்க சொல்றீங்க? நான் என்ன பண்ணுவேன்? என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க! உடனே மருந்தை ஆரம்பிக்கச் சொல்லுங்க, இன்னிக்கே போலாம், வாங்க...

கண்டக்டர்: மருந்து வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்ம்மா.

டீச்சர்: ...சார். இது நடிப்பா, நெசமா?

கண்டக்டர்: நெசம்தான்.

டீச்சர்: உங்க முடிவா?

கண்டக்டர்: பின்ன யாரோடது? எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பெரிய பெருமூச்சு?

டீச்சர்: ஒண்ணுமில்ல... காரணம் சொல்லுங்க. நான் இப்ப அக்கா இல்ல, உங்க சிஸ்டராக் கேக்குறேன்.

கண்டக்டர்: போன தடவை அவ ஏழு மாசம் நாற்காலியில தூங்கினா. நான் வாந்தி எடுக்க எழுந்தா தெரியணும்னு என் சட்டை நுனியைத் தன் விரல்ல முடிஞ்சுக்கிட்டுத் தூங்குவா. முதுகு போச்சு, பிரஷர் வந்துச்சு. பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா, எனக்குக் கேக்காதாம். இன்னொரு தடவை அவ தாங்க மாட்டா. எனக்கு முன்னாடி அவ போயிடுவா.

டீச்சர்: அது அக்காவோட கஷ்டம். உங்களுக்கு என்ன வேணும்? அக்காவை ஒரு நிமிசம் ஒதுக்கி வெச்சுட்டுச் சொல்லுங்க.

கண்டக்டர்: அவளை எங்க ஒதுக்கறது? நல்ல கேள்வி கேட்டீங்க போங்க. மருந்து வேணாம், அவ்வளவுதான். அப்படிச் சொன்னாத்தான் அவ...

மனைவி: நான் அப்படிக் கத்த மாட்டேன் சிஸ்டர்.

கண்டக்டர்: அட... நீ எப்ப வந்தே? மாத்திரை கிடைச்சுதா? இங்க நாங்க... இது நாளைக்கு வகுப்புக்கு... சும்மா நாடகம்.

மனைவி: கதவு பாதி திறந்துதான் இருந்துச்சு. 'என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க'ன்னு கத்தினீங்களே சிஸ்டர், அது நான் இல்ல. எனக்கு அப்படியெல்லாம் கத்தத் தெரியாது.

டீச்சர்: அக்கா, உள்ள வாங்க. உக்காருங்க.

கண்டக்டர்: இங்க பாரு, நீ கேட்டது எதுவும்...

மனைவி: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. எனக்கு நேத்தே தெரியும்.

கண்டக்டர்: என்னது?

மனைவி: நேத்துக் காலையில டாக்டர் என்னை மட்டும் போன் பண்ணிக் கூப்பிட்டாரு. உங்ககிட்ட ரேஷன் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சிஸ்டரும் கூட இருந்தாங்க. அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு சிஸ்டரோட ரெண்டு கையையும் பிடிச்சுக் கெஞ்சினேன்.

கண்டக்டர்: சிஸ்டர்...

டீச்சர்: ஆமா சார். பிள்ளைங்களுக்குச் செய்யக் கூடாதுன்னு எதைச் சொல்லித் தர்றேனோ, அதையே செஞ்சுட்டேன். நீங்க யாரோ ஒரு நோயாளியா இருந்தா சொல்லியிருப்பேன். நீங்கங்கிறதால முடியல.

கண்டக்டர்: அப்ப நேத்து அந்தச் சிரிப்பு... பாட்டு...

மனைவி: அழுதா கண்டுபிடிச்சிருவீங்களே. அதான் பாடினேன்.

கண்டக்டர்: அடிப்பாவி. நல்லாவே ஏமாத்திட்டே. உன்னைத்தான் இந்தக் கட்டில்ல நடிக்கப் போடணும்.

மனைவி: இன்னும் ஒண்ணு இருக்குங்க.

டீச்சர்: அக்கா, அதை நான் சொல்றேன்.

மனைவி: வேணாம், நானே சொல்றேன். இப்ப வெளிய நின்னு உங்க வாயால கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நேத்து முழுக்கச் செத்துச் செத்துப் பொழைச்சேன், தப்புப் பண்ணிட்டோமோ, தப்புப் பண்ணிட்டோமோன்னு.

கண்டக்டர்: என்ன பண்ணினே?

மனைவி: மருந்து வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

கண்டக்டர்: ...யாருக்கு? எனக்கா?

மனைவி: போன தடவை ஒன்பதாவது மருந்து ஏத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? விரல் மரத்துப் போயி சட்டைப் பட்டன் போட முடியாம உக்காந்து அழுதீங்க. என் கையை உங்க தலையில வெச்சு, 'இனிமே செத்தாலும் என்னை இதுல படுக்க வைக்காதே, சத்தியம் பண்ணு'ன்னீங்க. நான் பண்ணினேன். அந்தச் சத்தியத்தை நான் எப்படிங்க மீறுவேன்? உங்ககிட்ட கேட்டா, எனக்காக ஏத்திக்கறேன்னு சொல்லிடுவீங்க. அதான் கேக்கல.

கண்டக்டர்: சிஸ்டர், ஒருத்தர் கையெழுத்துப் போதுமா இதுக்கு?

டீச்சர்: சாட்சிக் கையெழுத்து வேணும்.

கண்டக்டர்: யாரு போட்டது?

டீச்சர்: ...நான்தான் சார். அந்தப் பட்டன் கதை எனக்கும் தெரியும். நீங்களும் இதைத்தான் கேப்பீங்கன்னு நினைச்சேன். நினைச்சேன். உங்களைக் கேக்கல.

மனைவி: ஆனா இவரும் வேணாம்னுதானே சொல்லிட்டாரு சிஸ்டர்? இப்பத்தான் சொன்னாரு, நான் காதால கேட்டேன். ஏங்க, வேணாம்னுதானே சொன்னீங்க?

கண்டக்டர்: ஏத்தினா எவ்வளவு நாள்னாரு டாக்டர்?

மனைவி: அதெல்லாம் எதுக்குங்க இப்ப?

கண்டக்டர்: நான் பாத்த காகிதத்துல சென்டிமீட்டர்தான் இருந்துச்சு. நாள் இல்ல. நீங்க சொல்லுங்க சிஸ்டர். இது வகுப்பு இல்ல.

டீச்சர்: ஏத்தலேன்னா நாலு மாசம், அஞ்சு மாசம். ஏத்தினா... உங்க உடம்பு தாங்கினா ஒன்றரை வருசம். சில பேருக்கு ரெண்டு.

கண்டக்டர்: ரெண்டு வருசம்...

மனைவி: ஏங்க, ஏன் அப்படிப் பாக்குறீங்க?

கண்டக்டர்: அன்னிக்குச் சொன்னது வலியில சொன்னதும்மா. இன்னிக்குச் சொன்னது உனக்காகச் சொன்னது... எனக்குச் சாக இஷ்டமில்ல. மருந்து வேணும்.